அறுபது சதவீதம்

இன்னும் கட்டாத கட்டடங்களுக்கு
ஆள் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

கண்ணாடி, கல், நீர்த்தாரை எல்லாம் முடிந்தபின்
கோப்பு என் மேசைக்கு வரும்.
“கொஞ்சம் ஜனம் போடு” என்பார் நாதிம்,
குழம்புக்கு உப்பு சொல்வதுபோல.

ஜனம் ஸ்வீடனிலிருந்து வாங்கியது.
ஆயிரத்து இருநூறு பேர், மொத்தமாக ஒரு விலை.
கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய பெண்ணை
தோஹாவின் ஆகஸ்டில் நிறுத்தியிருக்கிறேன்;
கோப்பையில் ஆவி பறக்கச் சிரிக்கிறாள்.
பலூன் பிடித்த ஒரு பையன்
லுசைலிலும் வக்ராவிலும் ஒரே மாலையில் ஓடுகிறான்.
ஆறு வருடமாக அவன் வளரவேயில்லை.

ஒரு விதி உண்டு.
ஆட்களின் அடர்த்தி
அறுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
மனிதன் வழியாகக் கட்டடம் தெரிய வேண்டும்.

நஜ்மாவில் நாலாம் மாடி என் அறை.
விடிகாலை ஐந்தேகாலுக்கு
ஜன்னல் கம்பியில் கேமராவைச் சாய்த்து
நானே ஆள் சேர்க்கத் தொடங்கினேன்.
கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்
குதிகால் தரையில் படக் குந்தும் விதம்
அந்த ஆயிரத்து இருநூறில் ஒருவருக்கும் வராது.
கைப்பிடியில் இரண்டு வாளி ஆட
எதிர்த்திசையில் சைக்கிள் மிதிக்கும்
கார் கழுவும் டேக் பகதூர்.
யார் பிள்ளையின் பள்ளிப் பையையோ
தன் முதுகில் மாட்டி நடக்கும் அல்மாஸ்.
ஓரம் பார்த்து வெட்டியெடுத்தேன்.
முடிதான் சிரமம்.
முடியின் இடுக்குகளில் பின்சுவரின் மஞ்சள்
ஒட்டிக்கொண்டே வந்தது.

நாதிம் ஒவ்வொருவராய்க் கண்டுபிடித்தார்.
“யார் இவர்கள்?”
“ஜனம்.”
“ஜனம் சரி. யார்?”
நான் வாய் திறப்பதற்குள் அழித்துவிட்டார்.
கெட்டவர் இல்லை. பெய்ரூட்டில் அவர் பிறந்த தெருவே
இப்போது வேறொரு பெயரில் இருக்கிறது.

மார்ச்சில் வந்த கோப்பில்
மனை எண்ணைப் பார்த்ததும் கை நின்றது.
எங்கள் சந்து.
என் ஜன்னல் இருந்த உயரத்தில் வெறும் வானம்.
சேகுநூர்தீனின் சலவைக் கடை இருந்த மூலையில்
துள்ளும் நீரூற்று.

அன்றிரவு அவரை வைத்தேன்.
மூன்றாவது ஓக் மரத்துக்குப் பின்னால்,
தோளில் வெள்ளை மூட்டை,
இடது கால் மட்டும் வெளியே.
அறுபதில் வைத்தேன். பயம்.
பிறகு அறுபத்தைந்து.

நாதிம் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
மரத்தை இரண்டடி நகர்த்தச் சொன்னார்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

அச்சாகி, சந்தைச் சுற்றி வேலியாக நின்றபோது
பத்தடி உயரம் இருந்தார் சேகு.
கூட்டிப்போய்க் காட்டினேன்.
இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்
கீழக்கரைக்காரர்.
“நம்மதான்” என்றார். கொஞ்சம் கழித்து,
“மூட்டையில சீட்டக் காணோமே.
யார் வீட்டுத் துணின்னு எப்படித் தெரியும்?
நம்பர் இல்லாம ஒரு கைக்குட்டை
தூக்கினதில்ல நான்.”

மறுநாள் மார்க்கரோடு போனேன்.
கை எட்டவில்லை.

வெயில் முதலில் சிவப்பைத்தான் தின்னும்.
பலூன் வெளுத்தது, ஸ்வீடன்காரியின் உதடும்.
சேகு மன்சூராவில் வேறொருவர் கடையில்
சட்டைக்கு இவ்வளவு என்று தேய்க்கிறார்.
காற்று கிழித்துவிடாமலிருக்க
வேலித் துணியில் பிறை பிறையாக வெட்டியிருப்பார்கள்;
ஒரு பிறை அவர் மூட்டையில் விழுந்திருக்கிறது.
காற்றடித்தால் திறக்கும்.
உள்ளே மஞ்சள் எந்திரம்,
பாதி நிற்கும் நாலாம் மாடி,
வெட்டவெளியில் என் குளியலறையின்
நீல ஓடுகள்.